வெள்ளிக்கிழமைகளில் நின்ற மெஷின்

செங்கமலம் அக்காவிடம், "நல்லா கீறியாக்கா?" என்று கேட்டால்கூட, "இன்னா இன்னிக்கு புதுசா விசாரிக்கிற?" என்றுதான் பதில் வரும். பத்து வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவள் நான். எனக்கே அந்தப் பதில் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கத்தரிக்காய் வாங்கப் போனால் ஒவ்வொரு காயாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். ஸ்ரீபெரும்புதூர் காய்கறிக் கடைக்காரர், "எடுத்துக்கினு போய் எக்ஸ்ரே புடிச்சிட்டு வாம்மா, அப்பறம் எடை போடலாம்" என்பார். அவள் வீட்டுக்காரர் ரகுபதி அண்ணன், "சாமியே நேர்ல வந்து நின்னாலும் இவ ஆதார் கார்டு கேப்பா" என்று அவள் முன்னாலேயே சொல்வார். அவள் சிரிக்க மாட்டாள். "கேக்கறதுல இன்னா தப்பு?" என்பாள்.

சும்மா வந்த சந்தேகம் இல்லை அது. அவள் பிறந்த ஊர் வல்லம் வடகால் பக்கம். பதினெட்டு வருடம் முன்பு, கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்திருந்த சமயத்தில், நாலு பேர் டேப்பும் கையுமாக அவர்கள் வயலில் நின்றார்கள். ரோடு வரப்போகிறது, அளந்து பார்க்கிறோம் என்றார்கள். வெயிலில் நிற்கிறார்களே என்று இவள்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த மாதம் ஒருவர் வந்து, ரோடு வந்தால் நிலம் துண்டு துண்டாகிவிடும், இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று அவள் அப்பாவைப் பேசியே கரைத்தார். அப்பாவும் கொடுத்துவிட்டார். வந்தவர்கள் தரகர் ஆட்கள், வரப்போவது ரோடு இல்லை, தொழிற்பேட்டை என்பதெல்லாம் கையெழுத்துப் போட்டு ஆறு மாதம் கழித்துத்தான் வீட்டுக்குப் புரிந்தது. "யார் நீங்க, எந்த ஆபீசுன்னு ஒரு வார்த்த கேக்காம தண்ணி குடுத்தேனே இந்து" என்று இன்றைக்கும் சொல்வாள். அன்றைக்குக் கேட்காமல் விட்டதை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவர்களிடம் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் குணமே அவளுக்குப் பிழைப்பும் ஆனது. எங்கள் கம்பெனி ஒரகடம் போகிற வழியில் இருக்கிறது. கார் என்ஜின் சூடாகாமல் இருக்க ஒரு தண்ணீர் டேங்க் வைப்பார்களே, அதைப் பிளாஸ்டிக்கில் செய்கிறோம். மூன்றாம் லைனின் கடைசியில் மூன்று பேர் வரிசையாக நிற்போம். முதலில் லீக் டெஸ்ட் மெஷின் ஓட்டுகிறவர். அடுத்தது செங்கமலம் அக்கா; டேங்க்கைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பாள். கடைசியில் நான், இந்திராணி, பெட்டியில் அடுக்குகிறவள். இரண்டு வருடம் முன்பு தலைமுடி கனத்தில் ஒரு விரிசலை அக்கா கண்டுபிடித்து, வண்டியில் ஏற்றிய சரக்கு முழுவதையும் திரும்ப இறக்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் சூப்பர்வைசர் வெங்கடேசன் சார் அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டார். "செங்கமலம்மா சொன்னா கரெக்டா இருக்கும்பா" என்பார்.

லீக் டெஸ்ட் மெஷினை ஓட்டியவன் மாரிசெல்வம். சங்கரன்கோவில் பக்கத்து ஆள், இருபத்தாறு வயது, டிப்ளமோ படித்தவன், காண்ட்ராக்டில் இருந்தான். தை மாதம் மெயின்டனன்ஸில் ஒரு இடம் காலியாகிறது, உள்ளேயே ஒரு ஆளை எடுத்துக் கம்பெனி ரோலில் நிரந்தரமாகப் போடப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அதற்கு அவன் எழுதிக் கொடுத்திருந்தான். ரோலில் வந்துவிட்டால்தான் ஊரில் பேசி வைத்திருக்கிற பெண்ணைக் கொடுப்பார்கள் என்று ஒருநாள் பஸ்ஸில் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். நான், "ஜாம் ஜாம்னு நடக்கும் பாரு" என்றேன். அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியதும், "அத இன்னாத்துக்கு நம்பகிட்ட வந்து சொல்றான்?" என்று கேட்டாள்.

மெஷினைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டேங்க்கை உள்ளே வைத்துக் கதவை மூடினால் காற்றை ஏற்றிப் பார்க்கும். ஓட்டை இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. ஓட்டுகிறவரின் கை உள்ளே இருக்கும்போது கதவு மூடிவிடக் கூடாது அல்லவா? அதற்காக வாசலின் ஒரு பக்கத்திலிருந்து ஒரு ஒளி கிளம்பி, எதிர்ப்பக்கத்தில் ரூபாய்க் காசு அளவில் பளபளவென்று இருக்கும் ஒரு வட்ட வில்லையில் பட்டுத் திரும்பும். திரும்பி வராவிட்டால், உள்ளே யாரோ கையை விட்டிருக்கிறார்கள் என்று மெஷின் நின்றுவிடும். இதெல்லாம் இப்போது தெரிந்து சொல்கிறேன். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது என்னவென்றே தெரியாது.

ஆயுத பூஜைக்கு எங்கள் லைன் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது வருடா வருடம் செங்கமலம் அக்காதான். லீக் டெஸ்ட் மெஷின் ஆவணியில் வந்த புது மெஷின். பேனலுக்கும் கதவுக்கும் வைத்தவள், அந்த வட்ட வில்லையைப் பார்த்து நின்றாள். "நெத்தி மாரியே கீது பாரு இந்து" என்று அதிலும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் இட்டாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்றே, ஒன்பது மணி டீக்கு முன்னால், மெஷின் நின்றது.

மெயின்டனன்ஸ் லோகேஷ் வந்து பின்பக்கப் பேனலைத் திறந்து ஒயர் ஒயராகப் பார்த்தான். அவன் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாரிசெல்வம் முன்பக்கத்தைத் துணியால் துடைத்தான். மெஷின் நின்றால் துடைக்க வேண்டும் என்று மெஷின் பக்கத்தில் தொங்கும் அவன் வேலைத் தாளில் எழுதியிருக்கிறது. லோகேஷ் பேனலை மூடியதும் மெஷின் ஓடியது. என்ன செய்தோம், ஏன் ஓடுகிறது என்று லோகேஷுக்கே தெரியவில்லை.

"கண்ணு பட்டுச்சு. புது மெஷினு இல்ல?" என்றாள் அக்கா. பூஜை நாள் தவிர மற்ற நாளில் மெஷின் மேல் எதையும் வைக்கக் கூடாது, வைத்தால் மெமோ என்று கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் ஷிஃப்ட், ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கும் முன், குங்குமச் சிமிழையும் சந்தனத்தையும் முந்தானையில் மறைத்துக்கொண்டு போய் அந்த வில்லையில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தாள். நான் மறைத்துக்கொண்டு நின்றேன். அன்றும் மெஷின் நின்றது. அடுத்த வெள்ளியும் வைத்தாள், அடுத்த வெள்ளியும் நின்றது.

இப்போது சொன்னால் சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும். பொட்டு வைத்த நாளில்தானே நிற்கிறது என்று எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு அந்தப் பொட்டு காவல். காவல் போட்ட அன்றைக்கே இப்படி என்றால், எதிரி எவ்வளவு பெரிய ஆளாக இருப்பான் என்றுதான் புத்தி போனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மாவா?

எதிரி யார் என்பதும் சீக்கிரமே கிடைத்துவிட்டது. இரண்டு மூன்று வாரத்தில், லோகேஷ் வருவதற்கு முன்பே மாரிசெல்வம் துடைக்க, மெஷின் ஓடத் தொடங்கியது. லோகேஷ் கையைத் தட்டி, "நீ தொட்டா ஓடுதுடா, கைராசிக்காரன்டா நீ" என்றான். வெங்கடேசன் சாரும் தோளில் தட்டினார். மாரிசெல்வம் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அக்கா கையில் இருந்த டேங்க்கைக் கீழே வைத்துவிட்டு என் காதருகில் வந்தாள்.

"எல்லாரும் பாத்தும் ஓடாத மெஷினு இவன் தொட்டா மட்டும் எப்படி ஓடுது? மெயின்டனன்ஸ் வேலைக்கு எழுதிக் குடுத்துகிறான் இல்ல? இவனே நிறுத்தறான், இவனே ஓட்டிக் காட்டறான். பேர் வாங்கறான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கணக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் அந்தக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மெஷினைத் துடைத்தவன், துணியைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், சட்டென்று பேன்ட் பையில் திணித்துக்கொண்டான். அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். துணியை ஏன் ஒளிக்க வேண்டும்? அதில் ஏதோ இருக்கிறது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவனே அக்காவிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யக்கா, தப்பா நெனைக்காதீங்க. மெஷினுக்குப் பொட்டு வைக்காதீங்க" என்றான்.

அக்கா தட்டை நகர்த்தி வைத்தாள். "ஏன்? வெச்சா உனுக்கு இன்னா?"

"இல்லக்கா, அது நிக்குதுல்லா, அதான்..."

"நிக்கறதுக்கும் பொட்டுக்கும் இன்னாடா சம்பந்தம்? யாரு பார்வை கெட்ட பார்வைன்னு அதுக்குத் தெரியும், உனுக்குத் தெரியும்."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வெங்கடேசன் சார் தட்டோடு எங்கள் மேஜைக்கு வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் அவன் வாயை மூடிக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணலக்கா, சும்மா சொன்னேன்" என்று எழுந்து போனான்.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்றான் பாத்தியா?" என்றாள் அக்கா. "நான் கேட்டேனா, நீ பண்ணியான்னு? பொட்டுக்கு எவன் பயப்படுவான் இந்து? நல்லவனா பயப்படுவான்?" நான் ஆமாம் போட்டேன். நான் போட்ட ஆமாம்களை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது முற்றியது. அக்கா பொட்டு வைத்துவிட்டு, சிமிழை லாக்கரில் வைக்கப் போனாள். நான் கூடப் போனேன். நாங்கள் திரும்பி வரும்போது மாரிசெல்வம் மெஷினுக்கு முன்னால் குனிந்து, கையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். லைன் ஓடத் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எங்களைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தான். அக்கா போய்ப் பார்த்தாள். பொட்டைக் காணோம். லாக்கருக்கு ஓடிப்போய்ச் சிமிழை எடுத்து வந்து, முன்பைவிடப் பெரிதாக, அந்த வில்லையே தெரியாத அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தினால் மெஷின் அசையவே இல்லை.

அக்கா நேராக வெங்கடேசன் சாரிடம் போனாள். லைன் ஓடுவதற்கு முன்னால் வந்து மெஷினுக்குள் கையை விடுகிறான், துணியை ஒளிக்கிறான், இவன்தான் ஏதோ செய்கிறான் என்றாள். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மெமோ வரும்.

டீ நேரத்தில் எங்களை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். வெங்கடேசன் சாரும் எச்.ஆர். சுபஸ்ரீ மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். மாரிசெல்வம் சுவரோரம் நின்றான். அதற்குள் அவன் துடைத்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள கைய விட்டு என்ன பண்ணே?" என்று வெங்கடேசன் சார் கேட்டார்.

"தொடச்சேன் சார். தூசி இருந்துச்சு."

"தூசியா? தெனம் க்ளீன் பண்ணேன்னு நீதான தாள்ல கையெழுத்து போட்ருக்க. க்ளீன் பண்ணா தூசி எங்கேருந்து வருது?"

அவன் அக்காவைப் பார்த்தான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான். அக்கா என் கையைப் பிடித்தாள். சுபஸ்ரீ மேடம் என்னிடம், "துணி ஒளிச்சு வெச்சத நீங்களும் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்று தலையாட்டினேன். அது பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றைச் சொல்லி ஒருவனை இவ்வளவு சுலபமாகக் கவிழ்க்க முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் அக்கா மூச்சு வாங்கினாள். "எப்படி மொறச்சான் பாத்தியா? மாட்டிவுட்டுட்டேன்னு கறுவறான்."

மறுநாள் அவன் வரவில்லை. காண்ட்ராக்ட்காரர் போனிலேயே நிறுத்திவிட்டார். ஓட்டுகிறவரின் கவனக்குறைவு என்று காரணம் எழுதி, சரக்கு வாங்கும் கம்பெனிக்கும் ரிப்போர்ட் போய்விட்டது. அடுத்த வெள்ளி மெஷின் நிற்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் நிற்கவில்லை. மார்கழி முழுவதும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. "நெருப்பில்லாம புகையுமா?" என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எதிரி போய்விட்டதால் அவள் பொட்டு வைப்பதையும் விட்டுவிட்டாள். அதை யார் கவனித்தார்கள்?

பொங்கல் கழிந்தது. மெயின்டனன்ஸ் இடத்துக்கு வேறு லைன் ஆளை எடுத்துவிட்டார்கள். தையில் வேலை தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை, "ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுது, நன்றிக்கு ஒண்ணு வெக்கலாம்" என்று அக்கா மறுபடி சந்தனத்தை எடுத்தாள். வழக்கம்போல நான் மறைத்துக்கொண்டு நின்றேன்.

எட்டே முக்காலுக்கு மெஷின் நின்றது.

புதிதாக ஓட்ட வந்தவனுக்குத் துடைக்கத் தோன்றவில்லை; லோகேஷ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். லோகேஷ் பின்பக்கம் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான், கடைசியில் முன்னால் வந்து மண்டியிட்டு டார்ச் அடித்தான். பிறகு கட்டை விரலால் அந்த வில்லையை ஒரு தேய்ப்புத் தேய்த்தான். மெஷின் விளக்கு பச்சைக்கு வந்தது. அவன் எழுந்து விரலைத் தூக்கிக் காட்டினான். மஞ்சளும் சிவப்புமாக இருந்தது.

"யாருப்பா இதும் மேல சந்தனம் வெச்சது? இதுல லைட்டு பட்டுத் திரும்பணும். காயற வரைக்கும் ஓடும், அப்பறம் ஆட்டத்துல குங்குமம் பரவி அடைச்சிக்கும். இத்தினி நாளா இதுக்குத்தான் நான் ஒயரப் புடுங்கிக்கினு இருந்தேனா?"

அக்கா அந்த விரலையே பார்த்தாள். பிறகு கையில் இருந்த டேங்க்கை நல்லது அடுக்கும் பக்கமும் வைக்காமல், கெட்டது போடும் பக்கமும் வைக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மதியம் ஷிஃப்ட் விட்டு பஸ்ஸில் ஏறியதும் அவள் பேசத் தொடங்கினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "துணில சந்தனம் இருந்துச்சு. அதத்தான் ஒளிச்சான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொட்டு வெக்காதன்னு சொன்னான். சார் வந்ததும் வாய மூடிக்கினான். யாருக்கு மெமோ வரும்னு மூடிக்கினான்?" என்றாள். வல்லம் தாண்டியது. "அன்னிக்கு முன்னாடியே வந்து தொடச்சி வெச்சான். நான் மறுபடியும் வெச்சேன். பெருசா வெச்சேன் இந்து." கடைசியில் பேச்சு ஆபீஸ் ரூமுக்கு வந்தது. அங்கே வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பத்து வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் அழுகையாக வந்தது, கூடவே பயமாகவும் இருந்தது. இரண்டு மாதமாக நாங்கள் பார்த்ததெல்லாம் உண்மையாகத்தான் நடந்தது. பார்த்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அப்புறம் எப்படி இப்படி ஆயிற்று?

மறுநாள் அவள் வெங்கடேசன் சாரிடம் போய்ச் சொன்னாள். "விடும்மா, ரிப்போர்ட் போயாச்சு, கேஸ் க்ளோஸ் ஆயாச்சு. நீங்க ஏன் தேவையில்லாம?" என்றார் அவர். அவள் விடவில்லை. மேனேஜருக்குக் கைப்பட எழுதினாள்: பொட்டு வைத்தது நான், மறைத்தது நான், அந்தப் பையன் மேல் தப்பு இல்லை. அடுத்த வாரம் மெமோ வந்தது. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அவன கூப்டுங்க" என்று அதே மேஜை முன்னால் நின்றாள். சுபஸ்ரீ மேடம் இரண்டு நாள் அலைந்து, பழைய இடத்திலேயே திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லலாம், அடுத்த காலி இடத்துக்கு அவன் பெயரை முதலில் பார்க்கலாம் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார். போனில் சொல்கிறேன் என்றார். "வேணாம் மேடம், நான் நேர்ல போறேன்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி ரூம். நாலு பேர் தங்குகிற ரூமில் அவன் மட்டும் இருந்தான். இப்போது ஒரு பார்சல் குடோனில் மூட்டை ஏற்றுகிறானாம். தோள்பட்டையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு, "வாங்கக்கா" என்று இருந்த ஒரே நாற்காலியை அக்காவுக்குப் போட்டான்.

அவள் உட்காரவில்லை. "தம்பி, மெஷின் நின்னது என் பொட்டாலதான்" என்றாள்.

"தெரியும்லாக்கா. உங்ககிட்டதான சொன்னேன்."

"நீ சொன்னது எனுக்குப் புரியலடா."

அவன் கொஞ்சம் சிரித்தான். "பொட்டு வைக்காதீங்கன்னு சொன்னதுல புரியாததுக்கு என்னக்கா இருக்கு? ஆபீஸ் ரூம்ல உங்களையேதான் பாத்துட்டு நின்னேன். இப்பம் சொல்லிருவாங்க, இப்பம் சொல்லிருவாங்கன்னு. நான் சொன்னா உங்களுக்கு மெமோ. நீங்களே சொன்னா பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"சத்தியமா எனுக்குத் தெரியாது தம்பி. நீ கெடுதல் பண்றேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

"பொட்டால இல்லன்னு நெனச்சிருந்தா, பொட்டு வச்சத மட்டும் ஏன்க்கா சார்கிட்ட சொல்லல?"

அக்கா வாயைத் திறந்தாள். மெமோவுக்குப் பயந்து என்று சொன்னாள். அதுதான் உண்மை. ஆனால் அந்த ரூமில் அந்த வார்த்தை விழுந்த விதத்தில், பக்கத்தில் நின்ற எனக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னாள். பழைய இடம், அடுத்த காலி இடத்துக்கு முதல் பெயர். எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலை நீட்டினாள். அவன் வாங்கி, நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்தைப் பார்த்தான்.

"யாரு உங்கள அனுப்புனா?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"எங்கிட்ட ஏதாச்சும் கையெழுத்து வாங்கச் சொன்னாங்களா?"

"ஐயோ, இல்லடா."

"அடுத்தால வேற மெஷின் நின்னா?"

அவள் "உன் கல்யாணம்..." என்று தொடங்கினாள். "அது முடிஞ்ச பேச்சுக்கா" என்று கடிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தான். பிறகு, மரியாதையாக, "சரிக்கா. நீங்க தெரியாமத்தான் செஞ்சிருப்பீங்க. யோசிச்சுச் சொல்லுதேன்" என்றான். டீ வாங்கி வரவா என்று கேட்டான். நாங்கள் படி இறங்கும்போது மேலே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஐந்தேகால் பஸ்ஸுக்கு நாங்கள் ஐந்து மணிக்கே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். அக்கா படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று அவன் சந்தின் பக்கமே பார்த்தாள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பின்னால் யாரோ, "அக்கா, லேட்டா போனா எங்களுக்கும் லேட் மார்க் போடுவாங்க" என்று கத்தினார்கள். இன்னும் இரண்டு நிமிடம் என்று கெஞ்சி வாங்கினாள். அந்த இரண்டு நிமிடமும் போயிற்று.

பஸ் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நாளைக்கு வருவான்கா" என்றேன்.

"வரமாட்டான்" என்றாள். "நானா இருந்தாலும் வர மாட்டேன் இந்து. கூப்டது நானாச்சே."